ஐம்பது நிமிடத் தூரம்

1944இல் யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத்தளத்தில் நமசிவாயத்துக்குக் கரும்பலகையில் எழுதும் வேலை. எந்த விமானம் எங்கே போகிறது, எத்தனை மைல், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று சோக்கட்டியால் எழுத வேண்டும். திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள சீனன்குடாத் தளம் நூற்றுப் பதினைந்து மைல், ஐம்பது நிமிடம். அவருடைய ஒரே தம்பி தில்லைநாதன் அங்கேதான் விமானங்களுக்கு எண்ணெய் நிரப்பினான். யாரையோ பிடித்து அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

ஆனி மாதம், ஒரு காலை எட்டு மணிக்குக் கம்பியில்லாத் தந்தி அறைக்குச் செய்தி வந்தது. பெற்றோல் பீப்பா தீப்பற்றியதில் தில்லைநாதனுக்கு உடம்பெல்லாம் வெந்துவிட்டது, உயிர் இருக்கிறது.

சீனன்குடா விமானம் ஒன்பது மணிக்கு. அதிகாரிகளின் சாப்பாட்டுக்காகக் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டிகளை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நமசிவாயம் இளம் வெள்ளைக்கார அதிகாரியின் முன்னால் போய் நின்று, தனக்கும் ஓரிடம் தர முடியுமா என்று கேட்டார். அதிகாரி செய்தியை இரண்டு தரம் வாசித்தான். மிகவும் வருந்துவதாகவும், வெளியாரை ஏற்றச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னான். நமசிவாயம் "நன்றி, சேர்" என்று திரும்பிவந்து, சேரும் நேரம் 9.50 என்று பலகையில் எழுதினார்.

பிறகு சைக்கிளில் காங்கேசன்துறைக்குப் போய் ரயில் ஏறினார். மாகோச் சந்தியில் இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, சீனன்குடாவில் கால் வைத்தபோது மறுநாள் மத்தியானம். தம்பியுடன் வேலை செய்த அடைக்கலநாதன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான்.

"விடிய எரிச்சுப்போட்டம், அண்ணை. வைச்சிருக்கேலாத உடம்பு."

"எப்ப போனவன்?"

"நேற்றுப் பின்னேரம் ஆறு மணி. அதுவரைக்கும் கதைச்சவன். அண்ணை பிளேனிலை வந்திடுவார், பிளேனிலை வந்திடுவார் எண்டு சொல்லிக்கொண்டே கிடந்தவன். ஒன்பது ஐம்பதுக்குப் பிளேன் வந்து இறங்கின சத்தம் அவனுக்கும் கேட்டது."

நமசிவாயம் கையிலிருந்த உடுப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

சொந்த ஊரான அச்சுவேலிக்குத் திரும்பி, தம்பியின் மனைவி அருந்ததியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கலியாணமாகி இரண்டு வருடம்தான். அவள் அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்கள் கெஞ்சேல்லையோ?"

"கேட்டனான், பிள்ளை."

"கேக்கிறது வேறை. கெஞ்சிறது வேறை."

அடுத்த கிழமையே அவள் உடுவிலில் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். போர் முடியும்வரை அவர் அதே பலகையில் எழுதினார். வேறு வேலை கிடைக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து அருந்ததியின் தகப்பன் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குப் போனார். அவளைத் தனியே கண்டதும், "நான் கெஞ்சேல்லைத்தான். வெக்கப்பட்டுப் போனன்" என்றார்.

"தெரியும்" என்றாள் அருந்ததி. பிறகு, அவர் சாப்பிட இலை போட்டாள்.