உப்பு இல்லை என்று சொன்ன அட்டை

அப்பா மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பார். எனக்கு அது பிடிக்காது. கல்லூரியில் வேதியியல் படிக்கிறவள் வீட்டில் இப்படி ஒரு கூத்தா என்று எரிச்சல் வரும்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். கூலிக்கு நட்டும் அறுத்தும் இருந்த குடும்பம். கொடி பிடித்து, அடி வாங்கி, கடைசியில் பண்ணைகளின் உபரி நிலத்தை அரசு பிரித்துக் கொடுத்தபோது அப்பாவுக்கு ஒரு ஏக்கர் பட்டா கிடைத்தது. முதல் நடவுக்கு முன் மண்ணை ருசி பார்த்துவிட்டு, "கரிக்குதும்மா. ரெண்டு மூணு தடவை தண்ணி கட்டி வடிச்சாத்தான் நடலாம்" என்றார்.

"உங்க நாக்கு என்ன லேபா அப்பா? மண்ணை அனுப்பிப் பாப்போம்" என்றேன். நானே பையில் மண் நிரப்பி, அம்மாவின் பழைய புடவைக் கரையைக் கிழித்து வாயைக் கட்டி, மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினேன். மண்வள அட்டை வந்தது. உப்பு இல்லை, உடனே நடலாம். அம்மா அதற்கு மஞ்சள் தடவி சாமி படத்தருகே வைத்தாள். பகுத்தறிவுக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகிறவள் நான். விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா மறுபேச்சில்லாமல் நட்டார்.

பத்தே நாளில் பயிர் நுனி கருகியது. பிறகு திட்டுத் திட்டாகச் செத்தது.

அந்த நிலையம் எந்த ஊரில் என்று எழுதமாட்டேன். சண்டை போடத்தான் போனேன். மூலையில் பைகள் குவிந்து கிடந்தன. ஒன்றில் அம்மாவின் புடவைக் கரை. நான் போட்ட முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை. "ஆள் இல்லைங்க. அந்தப் பக்கத்து மண்ணுக்கெல்லாம் ஒரே மாதிரி எழுதிடுவோம்" என்றார் அங்கிருந்தவர், கூச்சமே இல்லாமல்.

சாமி கும்பிடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள், நாங்கள் சோதித்துப் பார்த்து நம்புகிறோம் என்று எத்தனை பேரிடம் வாதாடியிருப்பேன்! எங்கள் வீட்டில் சோதித்துப் பார்த்தவர் அப்பா ஒருவர்தான். நானோ, யாரோ அச்சடித்த அட்டையைக் கும்பிட்டிருக்கிறேன்.

வீட்டில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. விஞ்ஞானத்தின் மானம் போய்விடும் என்று பயந்தேன், என் மானமும்தான். "அவங்க சரியாத்தான் பாத்திருக்காங்க. விதைதான் கோளாறு" என்று சொல்லிவிட்டேன். அப்பா நம்பினார். அந்த வருஷம் மறுபடி கூலிக்குப் போனார்.

அடுத்த கோடையில் மண்ணை அள்ளிவந்து என் முன்னால் வைத்தார். "அனுப்பும்மா. நீ படிச்சவ, உனக்குத் தெரியும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா நிலையத்தைத் திட்டவில்லை. "அவன் பாக்காம எழுதினான். நீ பாத்துட்டு வந்து பொய் சொல்லியிருக்கியேம்மா."