‘மாட்டுத் தலை’ வீட்டு மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை மீனாட்சிபுரத்தில், அண்ணன் ராமசாமி வீட்டில், எனக்குத் தலை சுற்றிவிட்டது. வெயிலால் அல்ல... ஒரு பெயரால்!

அண்ணன் மகள் நித்யா வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். கட்டிக்கொள்ள விரும்பும் ஸ்பெயின்காரப் பையனைக் கூட்டி வந்திருந்தாள். பெயர் மாத்தேயோ. சாதுவான பையன். வந்ததும் தொழுவத்துக்குப் போய் மாடுகளைத் தடவிக் கொடுத்தான். பால் மாடுதான் அண்ணனுக்கு உயிர். முகம் மலர்ந்துவிட்டது.

“குடும்பப் பேரு என்ன கண்ணு?”

“‘காபேசா தே வாகா’ங்ப்பா” என்றாள் நித்யா.

“அப்படின்னா?”

நித்யா என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். கடைசியில் முணுமுணுத்தாள். “மாட்டுத் தலைங்ப்பா...”

மலர்ந்த முகம் சட்டென்று இறுகியது.

அவசரமாகப் போனில் தேடி, அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பெயரில் பெரிய ஆட்களெல்லாம் இருந்திருக்கிறார்கள்! ஒருவர் கப்பல் உடைந்து, அமெரிக்காவில் வருஷக்கணக்காக நடந்தே அலைந்தவர். அவருக்கும் முன்னால் ஒரு மேய்ப்பர் — மலைப்பாதையில் மாட்டு மண்டையோட்டை அடையாளம் வைத்து, ராஜாவின் படைக்கு வழிகாட்டினாராம். அதனால் வந்த பெயர் என்று ஒரு கதை.

“செத்த மாடா... கொன்ன மாடா?” என்றார் அண்ணன்.

இதற்கு இன்டர்நெட்டில் எங்கே பதில் இருக்கிறது? நித்யா இங்கிலீஷில் கேட்டாள். பையன் ஊருக்குப் போன் போட்டு அப்பாவைக் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை! போதாக்குறைக்கு, “அது அப்பா வழிப் பெயர். அம்மா வழியில் இன்னொன்று. எனக்கு இரண்டுமே உண்டு” என்றான்.

“அப்ப இவன் எந்தக் கூட்டம்டா?” அண்ணன் என்னிடம் திரும்பினார். எங்கள் பக்கம் கூட்டம் என்றால் குலம்.

நித்யாவின் கண்கள் கலங்கின. அண்ணிக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, நாம ஆந்தைக் கூட்டம்னு சொன்னா அவிங்க ஊட்டுல என்ன நெனப்பாங்க?”

பெயருக்கு அர்த்தம் பார்க்க ஆரம்பித்தால் யார் வீட்டில்தான் கல்யாணம் நடக்கும்? ராமசாமி அண்ணன் எழுந்துபோய்ப் பையனின் தோளில் கைவைத்தார்.

“சாப்பிட வரச் சொல்லு கண்ணு.”

எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம்.

இலையில் உட்கார்ந்ததும் பையன் என்னைக் கேட்டான் — “உங்கள் குடும்பப் பெயர் என்ன?” கூட்டத்தின் பெயரை நாங்கள் எழுதுவதில்லை, அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் என்று விளக்கினேன். நன்றாகப் புரிந்தது என்று தலையாட்டினான்.

சாப்பிட்டு முடித்ததும் மறுபடி ஊருக்குப் போன் போட்டு, சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நித்யா சிரித்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னாள்...

பெண் வீட்டுக் குடும்பப் பெயர் — ‘ஆர்’!