திரையில் தெரியாத பாஸ்வேர்டு

தேவசகாயம் சார் காலமான செய்தி நேற்றுக் காலை சித்தூரிலிருந்து வந்தது. "அவரு பூட்டாரும்மா" என்று போனில் அழுதார் அவர் மனைவி. திருப்பதியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய டேட்டாபேஸைப் பல ஆண்டுகள் கட்டிக் காத்தவர் சார். போன மழைக்காலத்தில் திருட்டுப் பழியோடு அனுப்பப்பட்டவரும் அவர்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாஸ்வேர்டு அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட வராததைக் கண்டு, கீபோர்டு கெட்டுவிட்டது என்று கூப்பாடு போட்டேன். சார் சிரித்தார். "ஜெபம் பண்றா மாதிரிம்மா. ஒண்ணும் தெரியாது, ஆனா போய்ச் சேந்துடும். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேக்கட்டும், அப்புறம் அடி." சபைப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். எதற்கெடுத்தாலும் ஜெபம்தான் உதாரணம். நாங்கள் அவரைப் 'பாஸ்டர்' என்றே கேலி செய்வோம்.

எங்கள் மேனேஜருக்கு அது கேட்கும்வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது. சாரிடம் கேட்டு வாங்கிய பாஸ்வேர்டை, பேக்கப் எடுக்கும் கட்டளையோடு ஒரே வரியில் சேர்த்து அடிப்பார். "வேணாம் சார்! அது ஓடிக்கினு இருக்கும்போது, இதே சர்வர்ல இருக்கிற எவன் வேணா அந்த வரியை அப்படியே பாக்கலாம்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டார் சார். "ஏமி காது சார், அந்தா மனவாள்ளே!" என்றார் மேனேஜர். ஒன்றும் ஆகாதாம், எல்லாரும் நம்மவர்களாம்!

அந்த நம்மவரில் ஒருவன்தான் பார்த்தான். நோயாளிகளின் போன் நம்பரும் நோய் விவரமும் வெளியே போயின. பாஸ்வேர்டு சாருடையது என்பதால் பழியும் அவர்மேல் விழுந்தது. மேனேஜர் வாயே திறக்கவில்லை. "நான் திருடலன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. சபையில தல நிமிந்து நிப்பேன்" என்றார் சார், சித்தூரிலிருக்கும் வீட்டுக்குப் புறப்படும்போது. அதன்பின் அவர் பாடகர் குழுவுக்குப் போகவே இல்லை.

பிறகு பாஸ்வேர்டைப் பார்த்தவனே மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். நேரில் போய் மன்னிப்புக் கேட்போம் என்றது நிர்வாகம். பண்டிகை போகட்டும், ஆடிட் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தது. சித்தூர் என்ன சீமையிலா இருக்கிறது? காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்த் திரும்பலாம்.

இன்று கல்லறைத் தோட்டத்துக்கு மேனேஜரும் மாலையோடு வந்திருந்தார். போதகர் ஜெபம் சொல்ல, எல்லாரும் கண்களை மூடினார்கள். என்னால் மூட முடியவில்லை. மேனேஜரின் உதடுகள் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. ஜெபத்துக்கு அது போதும், சார். ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்லவே.

ஆமென் சொன்னதும் நானே சத்தமாகச் சொன்னேன்: "சார் திருடல. எங்க ஆபீசுக்கே தெரியும்." சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சாரின் மனைவி தலை நிமிர்ந்தார்.

கேட்க வேண்டியவர்தான் இல்லை. போய் வாருங்கள், சார்.