சாம்பல் நிறத் தோட்டங்கள்

மேசைமேல் கவிழ்த்து வைத்த ஒரு கைப்பேசி. அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் கண்முன் வரும். அதிர்ந்து அதிர்ந்து அது மேசை விளிம்பு வரைக்கும் நகர்ந்து வந்திருந்தது. கேரி தீவிலிருந்து அவருடைய அண்ணன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் அழைப்பிலேயே சொல்லியிருந்தார்: அவர்கள் குடியிருந்த தோட்டத்தில் வெள்ளம், வீட்டுக்குள் முட்டிக்கு மேல் தண்ணீர், அண்ணியும் பிள்ளைகளும் கட்டில்மேல் ஏறி நின்றார்கள்.

விண்வெளி நிறுவனத்தில் விஞ்ஞானி என்று சொன்னால் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைக்காரர் முதல் என் மாமியார் வரை எல்லாருக்கும் ராக்கெட்தான் ஞாபகம் வரும். "நிலாவுக்கு எப்ப போறீங்க?" என்று கிண்டல் வேறு. நாங்கள் பார்த்ததெல்லாம் பூமியைத்தான். துணைக்கோள் அனுப்பும் படங்களை வைத்து எங்கே வெள்ளம், எங்கே காட்டுத்தீ என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. நான் அக்கா என்று அழைத்தவர்தான் அந்தப் பிரிவுக்குத் தலைவர்.

அன்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் விடாத மழை. மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் ராடார் படம் வந்திருந்தது. அந்த ராடாருக்கு ஒரு குறை உண்டு. வெட்டவெளியில் தண்ணீர் நின்றால் காட்டிவிடும். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு அடியில் நின்றால் மேலே உள்ள மட்டைகளைத்தான் காட்டும். எங்களுக்கு இது பாலபாடம். ஆனாலும் தண்ணீர் தெரிந்த இடம் நீலம், மற்றதெல்லாம் பச்சை என்று போட்டே பழகியிருந்தோம். காலையில் அனுப்பிய வரைபடத்திலும் பந்திங்கிலிருந்து கேரி தீவு வரை தோட்டங்கள் எல்லாம் பச்சைப்பசேல்.

அக்கா மீட்புப் படைக்குப் போன் செய்து அண்ணன் சொன்னதைச் சொன்னார். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் மலாயில் பதில் சொன்னார். உங்கள் வரைபடத்திலேயே அந்த இடம் காய்ந்து கிடக்கிறது, படகுகள் குறைவு, நீலமாக இருக்கும் இடத்துக்குத்தான் முதலில் அனுப்புகிறோம் என்றார். போனை வைத்ததும் அக்கா காலை வரைபடத்தைத் திரையில் திறந்தார்.

நான்தான் அவசரப்பட்டேன். "அண்ணன் வீட்டு மேல ஒரு நீலப் புள்ளி வைங்கக்கா. பொய் இல்ல லா, தண்ணி இருக்குதானே?"

"எங்க அண்ணன்கிட்ட என் நம்பர் இருக்கு. பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க யாருக்குப் போன் பண்ணுவாங்க?" என்றார்.

பிறகு செம்பனைத் தோட்டங்கள் அத்தனையையும் சாம்பல் நிறமாக்கி, ஓரத்தில் 'தெரியவில்லை, நேரில் போய்ப் பார்க்கவும்' என்று மலாயில் எழுதினார். எங்கள் இயக்குநர் கொதித்துப்போனார். இவ்வளவு செலவழித்துப் படம் வாங்கிவிட்டுத் தெரியவில்லை என்று எழுதினால் நாளைக்கு நம்மை யார் மதிப்பார்கள் என்று கத்தினார். அக்கா வரைபடத்தின் அடியில் தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டார்.

படகுகள் சாம்பல் நிறத்துக்குள் போயின. மீட்புப் படைக்குப் பக்கத்தில் இருந்ததால் பந்திங் பக்கத்துத் தோட்டங்களுக்கு முதலில் போயின. மரங்களுக்கு நடுவே சிக்கியிருந்த எத்தனையோ குடும்பங்களை ஏற்றி வந்தார்கள். கேரி தீவின் முறை மறுநாள்தான் வந்தது. அதுவரை அண்ணன் குடும்பம் கூரைமேல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நடந்ததை அக்கா மறைக்காமல் சொன்னபோது அண்ணி, "ஒரு புள்ளி வைக்க உனக்கு மனசு வரலல்ல?" என்று கேட்டதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். தீபாவளிக்குத் தீபாவளி அக்கா முறுக்கு டின்னோடு போவார். அண்ணி டின்னை வாங்கிக்கொள்வார், தேநீர் கொடுப்பார், வாய் திறக்கமாட்டார். எனக்கு அண்ணிமேல் அப்படி ஒரு கோபம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கூரைமேல் நான் இருந்திருந்தால் நானும் மன்னித்திருக்கமாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

வருத்தமாக இல்லையா என்று ஒருமுறை அக்காவைக் கேட்டேன். "மழை பேஞ்சாலே வருத்தம்தான். ஆனா மறுபடியும் அதேதான் போடுவேன்" என்றார்.

அக்கா ஓய்வுபெற்று இப்போது கிள்ளானில் இருக்கிறார். அவர் நாற்காலியில் நான். சாம்பல் நிறத்துக்காக இன்று யாரும் சண்டை போடுவதில்லை. வேலையை விட்டுப் போகும்போது அக்கா என் எண்ணை அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். போன மழையில் அங்கிருந்து அழைப்பு வந்தது. பேசியது அண்ணி.

"எங்க தோட்டம் இப்ப என்ன கலர்மா?"

திரையைப் பார்த்து, சாம்பல் என்றேன்.

"அப்ப ஆள் வந்து பாப்பாங்க" என்று வீட்டில் இருந்தவர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், "உங்க அக்கா பதறிட்டு இருப்பா. நாங்க பயப்படலன்னு சொல்லிரு" என்றார்.