கௌசிகாவின் படங்கு

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள் கௌசிகா. கல்யாணத்துக்கு முன் பண்டாரவளையில் துணிக்கடையில் நின்றவள். 'கடைக்காரி' என்ற பட்டப்பெயர் இன்னும் போகவில்லை. பிள்ளை பிறந்தபோது, இவளுக்குத் தூக்கவே தெரியாது என்று லயத்துச் சனமே சொன்னது. அவளும் அப்படித்தான் நம்பினாள்.

பிரசவ லீவு முடிந்தது. தாய்மார் மலையில் நிற்கும்வரை கைக்குழந்தைகளை வைத்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் மகனை விட்டாள். அங்கே ஆயம்மா பெரியாயி, சுத்தத்தில் கெட்டி. கௌசிகா கொடுத்த தொட்டில் சேலையை முதல் நாளே சவுக்காரம் போட்டு அலசி, மணக்க மணக்கக் கட்டிவைத்திருந்தாள்.

பிள்ளை அதில் கிடக்கவில்லை. பால் போத்தலையும் தள்ளியது. கத்திய கத்தில் மற்றதுகளும் எழும்பின. மறுநாளும் அதே கதை. பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்தவளிடம் பெரியாயி சொல்லிவிட்டாள்:

"இந்தா பாரு, இன்னைக்கும் அடங்கலன்னா நாளைக்கு இங்க கொண்டாராத. கடையில பொம்மைக்கு உடுப்பு மாட்டுன கை. புள்ள எப்புடி அடங்கும்?"

வீட்டில் பார்க்க ஆளில்லை. புருஷன் கொழும்பில். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. கௌசிகா பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள்.

மடியில் தூங்கிய பிள்ளை, தொட்டிலில் போட்டதும் வீறிட்டது. அவள் யோசிக்கவில்லை. கை தானாக இடுப்புக்குப் போய் முடிச்சை அவிழ்த்தது. செடிக் குச்சி கிழிக்காமல், பனி நனைக்காமல் பெண்கள் சேலைக்கு மேல் சுற்றும் படங்கு அது. உள்பக்கம் பழைய சாரத் துணி வைத்துத் தைத்தது. வியர்வையும் கசிந்த பாலும் ஊறிக் கிடந்தது. அந்தப் பக்கத்தை மேலே திருப்பிப் பிள்ளைக்குக் கீழே போட்டாள்.

பிள்ளை மூக்கைத் தேய்த்தது. சிணுங்கியது. தூங்கிவிட்டது.

"அடி ஆத்தி, நாறுதுடி!"

"என் வாசந்தான் ஆயம்மா. கழுவிப்புடாதீங்க."

மலையில் கங்காணி கந்தப்பன் பிடித்துக்கொண்டார்.

"ஏய் கடைக்காரி, படங்கு எங்க?"

"புள்ளைக்குக் குடுத்துட்டேங்க."

"ஏன், அவனும் கொழுந்தெடுக்க வாறானா?"

பெண்கள் சிரித்தார்கள். கௌசிகாவுக்கு இடுப்புக்குக் கீழே சேலை நனைந்து, காலெல்லாம் கீறல். காது மட்டும் கீழே இருந்தது. காம்பராவிலிருந்து சத்தமில்லை.

மறுநாளும் மகனைக் கொண்டுபோனாள். பெரியாயி கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு புதிதாக வரும் எந்தப் பிள்ளையின் தொட்டில் சேலையையும் அவள் அலசுவதில்லை. கேட்டால், "சவுக்காரம் முடிஞ்சிருச்சு" என்பாள்.