பழைய லயத்தின் பச்சைப் புள்ளி

பதுளையில் எங்கள் சின்ன அலுவலகக் கணினித் திரையில், நாங்கள் இணையம் கொடுக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புள்ளி உண்டு. வேலை செய்தால் பச்சை, நின்றுபோனால் சிவப்பு. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் குழம்பிப்போனேன், என் அத்தையால்.

அப்பாவின் அக்காவான அவர், தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். மலை முனையில் இருந்த அவருடைய லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே நிலம் வெடித்ததும், மண் சரியும் என்று எல்லாரையும் கிளப்பி, தள்ளியிருந்த மலை மடிப்பில் புது வீடுகளில் குடியேற்றினார்கள். வீடு நல்ல வீடுதான். ஆனால் போனுக்குச் சிக்னல் கிடையாது. கம்பி இழுத்து இணையம் தர எந்தக் கம்பெனியும் எட்டிப்பார்க்கவில்லை. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அத்தை மகளுக்கோ வெள்ளிக்கிழமை பிற்பகலில் மட்டும்தான் போன் கையில் கிடைக்கும். அந்த முகத்தைப் பார்க்காத வாரம் அத்தைக்குச் சோறு இறங்காது.

எங்களுடையது கம்பியில்லாத தொழில். இங்கே உயரத்தில் ஒரு டிஷ், தூரத்து மலையில் ஒரு டிஷ். நடுவில் மறைப்பில்லாமல் ஒன்றையொன்று பார்த்தால் இணையம் ஓடும். புது வீடுகளிலிருந்து பதுளை தெரியாது. இரண்டும் தெரிகிற ஒரே இடம், யாரும் போகவே கூடாத அந்தப் பழைய லயம். காலியாகக் கிடந்த அத்தை வீட்டுக் கூரையிலேயே டிஷ்களையும் சோலார் தகட்டையும் பொருத்தினேன்.

"பாத்துக்கிட்டாதான் பேசுமா மருமகனே? கூடப்பொறந்ததுகளே இப்ப அப்பிடிப் பாத்துக்கிறதில்ல" என்று சிரித்தார் அத்தை.

அந்த வீட்டுக்குள் டிஷ்களை இயக்கும் பெட்டி மழை மூட்டத்தில் சில சமயம் நின்றுவிடும். சுவிட்சை அணைத்துப் போட்டால் எழும்பும். அதை நான் வந்து செய்கிறேன், நீங்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அடைமழை. புள்ளி சிவப்பானது. மழை விட்டதும் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். திடீரென்று பச்சையானது. யாரும் இல்லாத வீட்டில் சுவிட்சைப் போட்டது யார்? உடனே அந்த இணையம் வழியாகவே புது வீட்டுக்கு அழைத்தேன். எடுத்தது அத்தையின் மருமகள்.

"இப்பத்தான் லைன் வந்துச்சுண்ணே. குவைத்துல இருந்து அவ பேசுனா. அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அத்தையத்தான் காணோம்!"

எனக்குத் தெரிந்துவிட்டது. மகளின் முகம் வந்து சேரவேண்டும் என்று மலையேறிய அம்மா, அந்த முகத்தின் முன்னால் இல்லை. இங்கிருந்தே இணைப்பை அணைத்தால் இறங்கி வருவாரா? இல்லை, மறுபடி நின்றுவிட்டதென்று அங்கேயே நோண்டிக்கொண்டிருப்பாரா? இன்றைக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அவர் மகனை ஓடச் சொன்னேன். பச்சையைப் பார்த்தபடி, பச்சையைச் சபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை நனைந்து ஊறி வந்து சேர்ந்தார். மறுநாள் போய்த் திட்டினேன். காதில் வாங்கினால்தானே!

"அவ மொகம் தெளிவாத் தெரிஞ்சுச்சாம். ஒடம்பு கொஞ்சம் வச்சிருக்காளாம்" என்றார்.

அந்த மண் இன்றுவரை சரியவில்லை. போன வருடம் அத்தை பதுளை ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்துபோனார். புது வீடுகளுக்குப் பக்கத்தில் இப்போது டவர் வந்துவிட்டது. பழைய லயத்துக்கு யாரும் போவதில்லை. அந்தப் புள்ளியை நான் திரையிலிருந்து எடுக்கவில்லை. காலையில் அது சிவப்பாக இருப்பதைப் பார்த்ததும், அத்தை அங்கே இல்லை என்று முதலில் ஒரு நிம்மதி வருகிறது. பிறகுதான், அவர் எங்குமே இல்லை என்பது உறைக்கிறது.