குருவம்மாள் டப்பா

அம்மாவின் சாப்பாட்டு டப்பா காலையில் ஒரு குழம்போடு கம்பெனிக்குப் போகும், சாயங்காலம் வேறொரு குழம்போடு வீட்டுக்கு வரும். எட்டு வயதில் எனக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. பட்டாசுக் கம்பெனி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது, பருப்புக் குழம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கருவாட்டுக் குழம்பாக மாற்றித் தருவார்கள் என்று நினைத்திருந்தேன்.

கம்பெனி வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்தது. காலையில் வேன் வந்து எங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்களை அள்ளிக்கொண்டு போகும். அம்மாவுக்குப் பாக்கிங் வேலை. மத்தியானம் வெடிமருந்து அறைகளுக்கு ரொம்பத் தள்ளியிருந்த வேப்பமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். அம்மாவை ஒட்டி உட்காருகிறவள் ஒருத்தி உண்டு. நெத்திலிக் கருவாடும் மொச்சையும் போட்டு அவள் ஒரு குழம்பு வைப்பாள். அது வருகிற நாளில் நான் வேன் சத்தம் கேட்கும் முன்பே வாசலில் நிற்பேன்.

"யாரும்மா குடுத்தா?" என்று கேட்டால், "கூட ஒக்காந்து திங்கிறவ" என்பாள் அம்மா. அவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. குழம்புக்குத்தானே நான் பிரியப்பட்டேன்.

அந்தச் சீசனில் அப்பா பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர், நாளுக்கு ஓர் ஊரிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். பெரியம்மா தன் மகளின் பேறுகாலத்துக்குத் திருப்பூர் போய்விட்டாள். ஆகவே பக்கத்து வீட்டில் இருந்த அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, பொழுதடைந்ததும் சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கரிசக்காட்டில் சோளமும் பருத்தியும் போட்டு, மழை ஏமாற்றிய வருஷங்களிலும் மீசையை மட்டும் குறைக்காதவர். வீட்டுப் பெண்கள் கம்பெனிக்குப் போவது அவருக்கு ஆகாது. காடு கைகொடுக்காததால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

குழம்பு விஷயத்தில் மட்டும் அந்த வாய் மூடாது. அம்மா டப்பாவில் வந்ததைச் சட்டியில் கொட்டிச் சூடுபண்ணிப் பரிமாறுவாள். பெரியப்பா மூன்றாம் தடவையும் ஊற்றச் சொல்லி, விரல் விரலாக நக்கிவிட்டு, "கொளம்புன்னா இதுதாம்மா கொளம்பு. நம்ம வீட்டுக் கைப்பக்குவம் வேற எவளுக்கு வரும்?" என்பார். அம்மா கரண்டியைக் கழுவப் போய்விடுவாள். புகழ்ச்சியைக் கேட்க வெட்கப்படுகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்காரும் முன்பே வானம் கறுத்து மின்ன ஆரம்பித்துவிட்டது. மின்னினால் பட்டாசுக் கம்பெனியில் ஒருவரையும் உள்ளே வைத்திருக்க மாட்டார்கள். போட்டது போட்டபடி ஓடிவந்த பெண்கள் கைக்கு அகப்பட்ட டப்பாக்களைக் கூடையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறியிருக்கிறார்கள். அம்மா நனைந்து வந்து தலைகூடத் துவட்டவில்லை. காட்டிலிருந்து அதேபோல் நனைந்து வந்த பெரியப்பா, "பசி உசுரு போகுது, இருக்கிறதப் போடும்மா" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டி, அடுப்பு எதற்கும் நேரமில்லை. டப்பாவிலிருந்தே குழம்பை ஊற்றினாள். நெத்திலிக் குழம்பு. பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. புதிதாக வாசிக்கப் பழகிய திமிரில் பஸ் போர்டு, தீப்பெட்டி லேபிள், சரவெடிச் சுற்றுத்தாள் என்று எது கிடைத்தாலும் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். டப்பாவின் மூடி என் பக்கத்தில் கிடந்தது. கல்யாணத்துக்கும் சடங்குக்கும் கொடுக்கிற பாத்திரத்தில் பேர் வெட்டுவார்களே, அதுபோல இதிலும் புள்ளி புள்ளியாக ஏதோ வெட்டியிருந்தது. விடுவேனா?

"கு... ரு... வ... ம்... மா... ள். குருவம்மாள். தாய்மாமன் சீர்."

பெரியப்பாவின் கை பாதியில் நின்றது.

"எங்க, இன்னொருக்க வாசி."

என் வாசிப்பைப் பாராட்டத்தான் கேட்கிறார் என்று, பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டருக்கு வாசிப்பதுபோல எழுந்து நின்று உரக்க வாசித்தேன். எங்கள் ஊரில் குருவம்மாள் ஒருத்திதான். ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெரு. அவளுடைய அப்பா பெரியப்பாவின் காட்டில் கூலிக்கு உழுதவர். அந்தத் தெருவிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட வராது. இதெல்லாம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, தானாக வந்து சேரும். எனக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"மழைக்கு அவசரமா ஓடியாந்ததுல டப்பா மாறிருச்சு அத்தான்" என்றாள் அம்மா.

"டப்பா மாறிருச்சு, சரி. நான் இத்தன நாளாத் திங்கிற கொளம்பு?"

அம்மாவின் ஈரச் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா தட்டைப் பார்த்தார். பாதிச் சோறு இருந்தது, அதன்மேல் குழம்பும் இருந்தது. வாரிக் கொட்டவும் மனசில்லை, அள்ளித் தின்னவும் வழியில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்ததும் குரல் வேறாகிவிட்டது. "நாளையிலருந்து கம்பெனிக்குப் போக வேண்டாம். தம்பி வரட்டும், பேசிக்கிடுவோம்."

"அப்படிச் சொல்லாதீக அத்தான்" என்று அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போகலேன்னா இந்தப் பிள்ளைய எப்படிப் படிக்கவைக்க? உங்க தம்பி சம்பாத்தியம் வாய்க்கும் வயித்துக்குமே பத்தலையே."

அம்மா அவர் எதிரில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பா தோளில் கிடந்த துண்டை உதறி உதறிப் போட்டார். கடைசியில் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அப்பச் சரி. ஒண்ணே ஒண்ணு. அவ டப்பா அவகிட்ட, நம்ம டப்பா நம்மகிட்ட இருக்கணும். இன்னொருதரம் மாறுச்சுன்னு என் காதுல விழக்கூடாது."

அவர் போனதும் அம்மா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஒரு டப்பா மாறியதற்கா வேலையைவிட்டு நிறுத்துவார்கள்?

குருவம்மாளின் டப்பாவை அம்மா புளி போட்டுத் தேய்த்து, வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாதென்று இரண்டு கை வறுத்த கடலையை உள்ளே போட்டுக் கொண்டுபோனாள். மறுநாள் சாயங்காலம் எங்கள் டப்பா திரும்பி வந்தது. குழம்பிருக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். ஒரு துண்டு கருப்பட்டி இருந்தது. அதற்கப்புறம் டப்பா கழுவித் துடைத்து வெறுமையாகவே வந்தது. பெரியப்பா எங்கள் வீட்டில் ரசத்தை ஊற்றி இரண்டு வாயில் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு இந்தக் கஷ்டம் இனி வரக்கூடாது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆணியும் கல்லும் எடுத்துக்கொண்டுபோய்த் தொழுவத்தில் உட்கார்ந்து, எங்கள் டப்பா மூடியில் பெரிதாக 'அம்மா' என்று வெட்டினேன். மூடி இரண்டு இடத்தில் நெளிந்துவிட்டது. அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

அம்மா மூடியை வாங்கி, எழுத்துக்களின் மேல் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"எதுக்கு ஆத்தா இது?"

"இனிமே மாறவே மாறாதும்மா. இருட்டுல தடவிப் பாத்தாக்கூட நம்ம டப்பா எதுன்னு தெரிஞ்சிரும்."

அவள் என்னைத் திட்டவில்லை. இழுத்து மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். நான் செய்த காரியம் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அம்மாவும் குருவம்மாளும் அந்த வேப்பமரத்தடியில் கடைசிவரை சேர்ந்துதான் சாப்பிட்டார்கள், வீட்டுக்குத்தான் எதையும் கொண்டுவரவில்லை என்பது நான் கல்லூரிக்குப் போனபிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. இன்னொன்றும் சொன்னாள். குருவம்மாளுக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாளாம். எங்கள் வீட்டுப் பருப்புக் குழம்பென்றால் அவளுக்கு உயிராம். "கொளம்பு எங்கன்னு கேட்டு ஒரு வாரம் சோறு திங்கலையாம் அந்தப் பிள்ள" என்றாள் அம்மா. அந்த நாட்களில்தான் நான் பள்ளிக்கூடத்தில், இனி எங்கள் டப்பா மாறவே மாறாது என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.